இயல் 7: கணினிக்குள் ஒரு ஹாய்ஸ்ட்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கூத்தில் உயரம் என்றால் அர்ச்சுனன் தபசுதான். திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில், பாசுபதம் வேண்டிப் புறப்பட்ட அர்ச்சுனன் நட்டுவைத்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறான். உச்சியில் உட்கார்ந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுகிறான். கீழே பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். அந்த ஏற்றத்துக்கு மோட்டார் கிடையாது. கூத்தாடியின் காலே எந்திரம். எங்கே நிற்க வேண்டும் என்று அந்தக் காலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாடக சபாக்களின் காலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்', நவாப் ராஜமாணிக்கத்தின் 'ராமதாஸ்', ஆர்.எஸ்.மனோகரின் 'இலங்கேஸ்வரன்' என்று தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன நாடகங்களில் படுதாவும் சீனும் ஏறி இறங்கியது ஆட்களின் கைபலத்தால். கயிறு பிடித்தவரின் உள்ளங்கைக்கு எடை தெரியும். எங்காவது சிக்கினால் கை உடனே உணரும், நிறுத்தும். மோட்டாருக்கு அந்த அறிவு கிடையாது. எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எங்கே நிற்பது, எப்போது சந்தேகப்படுவது என்று எல்லாவற்றையும் எண்களாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேடை ஆட்டோமேஷன் மென்பொருளில், மோட்டாரால் பாரம் தூக்கும் எந்திரமான ஹாய்ஸ்ட் ஒன்றின் மெய்நிகர் மாதிரியை அமைப்பது என்றால் இந்த எண்களைச் சரியாகத் திரட்டுவதுதான். திரையில் தெரியும் முப்பரிமாணப் படம் அதற்குப் பிறகு வரும் சங்கதி.

நம் பக்கத்துக்கு இந்த மெய்நிகர் பயிற்சி கூடுதலாகவே தேவை. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒரு கலைக்குழு, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு விழாவுக்குத் திறந்தவெளி மேடை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தொங்கவிடும் சட்டகமான ட்ரஸ்ஸும் ஹாய்ஸ்டும் வாடகைக்கு வரும். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் லாரி ஏறிவந்து இறக்கி, ஆட்கள் ஏற்றி முடிக்கும்போது நிகழ்ச்சிக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது. அந்த நேரத்தில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஹாய்ஸ்ட் கைக்கு வரும் முன்பே, ஒரு மடிக்கணினியில் அதை ஓட்டிப் பழகிவிடலாம்.

மென்பொருள்கள் பல. கிரியேட்டிவ் கானர்ஸின் ஸ்பைக்மார்க், கைனசிஸின் வெக்டர், டெய்ட்டின் நேவிகேட்டர் ஆகியவை பரவலாகப் பேசப்படுபவை. மெனுவின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறும். கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே இந்த இயலில் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று சொல்லப்போவதில்லை. அதற்கு அந்தந்த மென்பொருளின் கையேடு இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டு

ஒரு கற்பனை மேடையை எடுத்துக்கொள்வோம். அகலம் 10 மீட்டர், ஆழம் 7 மீட்டர், மேலே ட்ரஸ்ஸின் அடிப்பகுதி தரையிலிருந்து 7.5 மீட்டர். 6 மீட்டர் நீள இரும்புக் குழாய் ஒன்று இரண்டு வயர் ரோப்புகளில் தொங்குகிறது. இரண்டு ரோப்பும் ஒரே டிரம்மில் சுற்றிக்கொள்கின்றன. குழாயில் தொங்கப்போவது ஒரு மரச்சிற்பப் பலகை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர் மேடையில் தெர்மாகோல் தோரணத்தைவிட அது தொங்குவதே அழகு என்பது என் கட்சி. ஆனால் தெர்மாகோலைப் போல மரம் மன்னிக்காது.

எடையை ஊகித்து எழுதாதீர்கள். பலகை 1.2 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம், 75 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கனஅளவு 0.081 கன மீட்டர். தேக்குக்குக் கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ என்று கொண்டால் 53 கிலோ வருகிறது. செதுக்கி எடுத்த பள்ளங்களால் கொஞ்சம் குறையும், அந்தக் குறைவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 48.3 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3.2 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 3.6 கிலோ, ஆக 6 மீட்டருக்கு 21 கிலோ சொச்சம். கிளாம்ப், ஷாக்கிள், கொக்கி எல்லாம் சேர்த்து 8 கிலோ. பின்னால் தொங்கும் துணி 20 கிலோ. மொத்தம் 102 கிலோ. மலையில் திறந்தவெளி மேடை என்றால் பனியும் தூறலும் குடித்த துணியின் எடை வேறு. ஒரு முறை நனைத்து, தராசில் போட்டே எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தம் தெரிந்தால் போதாது, பங்கும் தெரிய வேண்டும். ரோப்புகள் குழாயின் இடது நுனியிலிருந்து 1 மீட்டரிலும் 5 மீட்டரிலும் கட்டப்பட்டிருக்கின்றன. இயக்குநர் பலகையை நடுவில் வைக்காமல் 2 மீட்டர் புள்ளியில் கேட்கிறார். பலகையின் 53 கிலோவில் முக்கால் பங்கு, அதாவது 40 கிலோ, இடது ரோப்புக்குப் போகிறது, வலதுக்கு 13. மற்ற 49 கிலோ சரிபாதியாகப் பிரிகிறது. முடிவில் இடது ரோப்பு 64 கிலோவுக்கு மேலும், வலது 38 கிலோ அளவிலும் தாங்குகின்றன. பாரம் பக்கவாட்டில் எங்கே தொங்குகிறது என்று கேட்கும் இடம் மென்பொருளில் இருந்தால் நிரப்புங்கள். இல்லையென்றால் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். யாராவது பலகையை நகர்த்தும்போது அந்தக் குறிப்பு உதவும்.

பூச்சியம் எங்கே?

மென்பொருளில் ஒவ்வொரு ஹாய்ஸ்டும் ஓர் அச்சு. புதிய அச்சு சேர்த்து, டிரைவ் (மோட்டாரை ஓட்டும் கருவி) கேட்கும் இடத்தில் 'சிமுலேஷன்' வகையைத் தேர்ந்தெடுத்தால் மெய்நிகர் ஹாய்ஸ்ட் பிறந்துவிட்டது. அதற்குப் பெயர் வைக்கும்போது மேடையில் நிற்பவர்கள் கூவிச் சொல்லும் பெயராக வையுங்கள். 'அச்சு 07' என்று வைத்தால் இருட்டில் 01-ஆ 07-ஆ என்ற குழப்பம் வரும். 'தோரணம்' என்றால் வராது.

அடுத்து, உயரத்தை எங்கிருந்து அளப்பது? மேடைத் தரையைப் பூச்சியமாகவும் மேல்நோக்கி ஏறுவதைக் கூட்டலாகவும் வைத்துக்கொள்வதே நல்லது. ஹாய்ஸ்டின் கணக்கில் அது எதிர்த்திசையாக இருக்கலாம். திசையை மாற்ற ஒரு தேர்வு இருக்கும். எந்தப் புள்ளியின் உயரம் என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்: குழாயின் நடுவா, பலகையின் அடியா? குழாய் என்றால் எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு நிற்கும். பலகையின் அடி என்றால் பலகையைக் கழற்றி வேறொன்றைத் தொங்கவிட்டதும் எல்லாக் கியூவும் (காட்சிக்கான நகர்வுக் கட்டளைகள்) பொய்யாகிவிடும். குழாயையே எடுத்துக்கொள்வோம்.

நம் பலகை குழாயிலிருந்து 0.2 மீட்டர் இறங்கித் தொங்குகிறது, அதன் உயரம் 0.9. ஆக, குழாய் 1.10 மீட்டரில் இருக்கும்போதே பலகை தரையைத் தொட்டுவிடும். காட்சியில் பலகையின் அடி தரையிலிருந்து 15 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும் என்றால் குழாயின் கீழ்நிலை 1.25. மேல்நிலை 5.75. இடைப்பட்ட ஓட்டம் 4.5 மீட்டர்.

டிரம் கணக்கு

மாதிரியின் உயிர்நாடி இதுதான், நிதானமாகப் பாருங்கள். டிரைவுக்கு மீட்டரும் தெரியாது, சென்டிமீட்டரும் தெரியாது. சுழற்சியை அளக்கும் என்கோடர் அனுப்பும் துடிப்புகளை எண்ணுவது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் ஹாய்ஸ்டில் என்கோடர் மோட்டாரின் பின்முனையில் இருக்கிறது, ஒரு சுற்றுக்கு 1024 துடிப்பு. டிரைவ் ஒவ்வொரு துடிப்பின் ஏற்றம் இறக்கம் இரண்டையும் இரு தடங்களிலும் எண்ணுவதால் அது 4096 ஆகிறது. கியர் விகிதம் 40-க்கு 1. டிரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 40 சுற்று சுற்ற வேண்டும். ஆக டிரம் சுற்றுக்கு 1,63,840 எண்ணிக்கை. டிரம்மின் விட்டம் 200 மில்லிமீட்டர், சுற்றளவு 628.3. வகுத்தால் மில்லிமீட்டருக்கு 260.8.

இதில் எல்லோரும் இடறும் இடம் அந்த 200. டிரம்மின் பள்ளத்தில் அளவுகோலை வைத்து அளந்தால் 194 என்றுதான் வரும். 6 மில்லிமீட்டர் ரோப்பு அந்தப் பள்ளத்தில் படிந்திருக்கிறது. எடையைத் தூக்கும் கோடு ரோப்பின் நடு மையம். ஆகவே இருபுறமும் அரை ரோப்பு சேர்த்து 200. நீங்கள் 194 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? 6 மீட்டர் ஏறு என்று சொன்னால் நிஜ ஹாய்ஸ்ட் 6.186 மீட்டர் ஏறும். திரையில் 6.000 என்றே காட்டும். 18 சென்டிமீட்டர் என்பது மேல் எல்லைக்கு அருகில் எதையாவது உடைக்கப் போதுமான தூரம். மெய்நிகர் மாதிரியோ இதைக் காட்டிக்கொடுக்கவே கொடுக்காது, ஏனென்றால் தப்பான எண்ணையே வைத்துக்கொண்டு தனக்குத்தானே சரியாக ஓடும். நிஜ ஹாய்ஸ்ட் வந்ததும் முதல் வேலையாக டேப் பிடித்து 1 மீட்டரும் 5 மீட்டரும் அளந்து இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

ரோப்பு ஒரே அடுக்காக, பள்ளத்தில் படியும் டிரம்முக்கே மேற்கண்ட கணக்கு. ரோப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும் வகையில் ஒவ்வொரு அடுக்கிலும் விட்டம் மாறும். அப்படிப்பட்டதைத் துல்லியமான காட்சிக்கு எடுக்காதீர்கள். இரண்டு கப்பிகளில் மடித்து இழுக்கும் முறை என்றால் குழாயின் ஓட்டம் பாதி, எண்ணிக்கை இரு மடங்கு.

வேகமும் இயக்குநரும்

நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று. 40-ஆல் வகுத்தால் டிரம் 36 சுற்று. ரோப்பின் வேகம் விநாடிக்கு 0.377 மீட்டர். உச்ச வேகம் என்ற இடத்தில் இதை எழுதலாம். மின் அதிர்வெண்ணை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவில் 50 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஓட்டலாமே என்று யாராவது கேட்பார்கள். ஓட்டலாம், ஆனால் அங்கே முறுக்குவிசை குறையத் தொடங்கும். பாரம் தூக்கும் வேலையில் அந்தப் பேராசை வேண்டாம்.

இந்த ஹாய்ஸ்டின் தூக்குதிறன் 250 கிலோ. முழுப் பாரத்தை 0.377 மீட்டர் வேகத்தில் தூக்க ஏறக்குறைய 925 வாட் வேண்டும். கியரிலும் கப்பியிலும் கால் பங்கு வீணாகிறது என்று வைத்தால் 1.23 கிலோவாட். 1.5 கிலோவாட் மோட்டார் போதும், ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது. நம் 102 கிலோவுக்குக் கவலையில்லை.

இப்போது மாதிரி தன் முதல் கூலியைச் சம்பாதிக்கும். உச்ச வேகம் 0.3, முடுக்கம் 0.15 என்று கொடுத்துப் பலகையை 1.25-லிருந்து 5.75-க்கு ஏற்றிப் பாருங்கள். நேரத்துக்கான வாய்பாடு எளிது: தூரத்தை வேகத்தால் வகுத்து, வேகத்தை முடுக்கத்தால் வகுத்ததோடு கூட்டவேண்டும். 15 விநாடியும் 2 விநாடியும், மொத்தம் 17. இயக்குநர் பாட்டின் இடையிசை 12 விநாடிதான் என்கிறார். அதே முடுக்கத்தில் 12 விநாடிக்கு 0.53 மீட்டர் வேகம் வேண்டும். நம் ஹாய்ஸ்டால் ஆகாது. முடுக்கத்தை 0.3 ஆக்கி, வேகத்தை 0.36 ஆக்கினாலும் 13.7 விநாடி. 'பதினான்கு விநாடி ஆகும் சார், இடையிசையை நீட்டுங்கள், இல்லையென்றால் மேல்நிலையைத் தாழ்த்துங்கள்' என்று ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடலாம். வாடகை ஹாய்ஸ்டைக் கட்டி ஏற்றியபின் இதே பேச்சு சண்டையாக முடியும்.

நிறுத்தக் கற்றுக்கொடுங்கள்

புதிதாக வருபவர்கள் பாதி நாளை நகர்த்துவதில் செலவிட்டு, எல்லைகளை நிகழ்ச்சியன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வரிசையை மாற்றுங்கள். எல்லைகளை எழுதி முடிக்கும்வரை ஒரு கியூவும் எழுதாதீர்கள்.

எல்லைகள் அடுக்கடுக்காக வரும். மென்பொருள் எல்லையை அடையும் முன்பே அச்சு தானாக வேகம் குறைந்து நிற்கும். அதைத் தாண்டினால் லிமிட் ஸ்விட்ச், அது ஓட்டத்தைத் துண்டிக்கும். அதையும் தாண்டினால் இறுதி லிமிட், அது மின்சாரத்தையே வெட்டும். பிரேக் ஸ்பிரிங்கின் வலுவில் இறுகும். நம் மேடைக்கு மேலெல்லையாக மென்பொருளில் 6.60 மீட்டர், லிமிட் ஸ்விட்ச் 6.80, இறுதி லிமிட் 6.95, குழாய் கப்பியில் இடிக்கும் இடம் 7.10.

இந்த இடைவெளிகளைக் கண்ணால் பார்த்து நிர்ணயிக்க முடியாது, கணக்கு வேண்டும். உச்ச வேகத்தில், 0.377-ல், ஸ்விட்ச் தட்டியதிலிருந்து பிரேக் பிடிக்கும் வரை 0.2 விநாடி போனால் குழாய் 75 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பிரேக் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைத்தால் இன்னும் 24 மில்லிமீட்டர். மொத்தம் சுமார் 10 சென்டிமீட்டர். லிமிட் ஸ்விட்சுக்கும் இறுதி லிமிட்டுக்கும் நடுவே நாம் விட்டிருக்கும் 15 சென்டிமீட்டர் அதனால்தான். இறுதி லிமிட்டுக்குப் பின்னும் இன்னொரு 15 இருக்கிறது. உங்கள் பிரேக்கின் தாமதத்தை ஹாய்ஸ்ட் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள், 0.2 என்பது நம் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

மேல்முனையில் வேகத்தை மதிக்காமல் விடுவது எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு 2013 ஜூன் மாதம் லாஸ் வேகாஸில் 'கா' என்ற மேடை நிகழ்ச்சியில் நடந்த விபத்தைச் சொல்ல வேண்டும். கலைஞர் ஒருவர் மிக விரைவாக மேலேறியபோது வயர் ரோப் கப்பியின் பள்ளத்தை விட்டு விலகி அறுந்தது. அவர் விழுந்து இறந்தார். உலகிலேயே பெரும் செலவில் நடக்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று அது.

கீழெல்லை வேறு மாதிரி. குழாயை மட்டும் பார்த்தால் 1 மீட்டருக்குக் கீழும் இறக்கலாம். பலகை தொங்கும்போது 1.10-லேயே தரை வந்துவிடும். ஆகவே கீழெல்லை பாரத்தோடு மாற வேண்டும். பலகை மாட்டிய நிலையில் 1.15, வெறும் குழாய்க்கு 0.90 என்று இரண்டு அமைப்புகளைத் தனித்தனியாகச் சேமித்து, எது இப்போது நடப்பில் இருக்கிறது என்று திரையில் பெரிதாகத் தெரியும்படி வையுங்கள்.

டிரம் பக்கமும் பார்த்துவிடுங்கள். 0.90-லிருந்து 6.60 வரை 5.7 மீட்டர் ஓட்டம், டிரம்மில் 9 சுற்றுக்குச் சற்று மேல். கீழ்நிலையில்கூட டிரம்மில் அவிழாமல் கிடக்கும் சுற்றுகள் குறைந்தது மூன்று வேண்டும். ஒவ்வொரு ரோப்புக்கும் 13 பள்ளங்கள் இல்லாத டிரம்மை ஏற்காதீர்கள்.

கை உணர்ந்ததை லோடு செல் உணர

பாரத்தை அளக்கும் லோடு செல் இருக்கும் ஹாய்ஸ்ட் என்றால் மாதிரியில் இரண்டு வாசல்களை எழுத வேண்டும்: இதற்கு மேல் பாரம் ஏறினால் நில், இதற்குக் கீழ் குறைந்தாலும் நில். முதலாவதை எல்லோரும் எழுதுவார்கள். இரண்டாவதை மறப்பார்கள். பலகை இறங்கும்போது ஏதோ ஒரு மேஜை மேல் உட்கார்ந்துவிட்டால் ரோப்பு தளர்ந்து, டிரம்மிலிருந்து பள்ளம் மாறி அவிழும். மேஜை நகர்ந்ததும் அத்தனை பாரமும் ஒரே குதியாக விழும். குறைபாரத்தில் நிறுத்தும் அறிவு இருந்தால் இது நடக்காது.

நம் 102 கிலோவுக்கு மேலே 120, கீழே 85 என்று வைத்துப் பாருங்கள். சாதாரண ஓட்டத்தில் 0.15 முடுக்கம் கூட்டுவது ஒன்றரை சதவீதம்தான், பிரச்சினையில்லை. அவசர நிறுத்தத்தில் நிலைமை வேறு. இறங்கும்போது 3 என்ற அளவில் பிரேக் பிடித்தால் பாரம் ஒரு கணம் 133 கிலோவாகத் தெரியும். ஏறும்போது அதே பிரேக் பிடித்தால் 71 ஆகத் தெரியும். இரண்டும் வாசலைத் தாண்டுகின்றன. அப்படியென்றால் அவசர நிறுத்தத்துக்குப் பின் திரையில் இரண்டாவதாக ஒரு 'அதிபாரம்' அல்லது 'குறைபாரம்' எச்சரிக்கை வந்து ஆபரேட்டரைக் குழப்பும். வாசலை அகலப்படுத்தி இதைத் தீர்க்காதீர்கள். அளவை ஒரு சிறு கால இடைவெளி சராசரி எடுத்துப் பார்க்கும்படி அமையுங்கள்.

படம் வரைவதில் மயங்காதீர்கள்

முப்பரிமாண மாதிரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ட்ரஸ், குழாய், பலகை, பக்கத்து விளக்குக் குழாய் எல்லாம் வெறும் பெட்டிகளாக இருந்தால் போதும். அளவு சரியாக இருக்க வேண்டும், அழகாக இருக்க வேண்டியதில்லை. மரச்சிற்பத்தின் இலை நரம்பு வரை வரைந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு மோதல் மண்டலம் எழுத நேரமிருக்காது. பலகையின் தடிமனோடு அது ஆடும் தூரத்தையும் சேர்த்துப் பெட்டியை அகலப்படுத்துங்கள், திறந்தவெளியில் காற்றுக்குக் கூடுதலாக. விளக்குக் குழாய் இறங்கியிருக்கும்போது தோரணம் நகரக் கூடாது என்ற தடையை எழுதி, இரண்டையும் ஒன்றாக ஓட்டி, தடை வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கெடுத்துப் பாருங்கள்

மெய்நிகர் டிரைவ் கெட்டிக்காரப் பிள்ளை. சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய் நிற்கும், தாமதிக்காது, நழுவாது. நிஜ ஹாய்ஸ்ட் அப்படி இருக்காது. ஆகவே கியூ எல்லாம் ஓடிவிட்டது என்று மடிக்கணினியை மூடாமல், ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள்.

நடு ஓட்டத்தில் என்கோடர் துடிப்பை நிறுத்துங்கள். டிரைவ் சொன்ன இடத்துக்கும் என்கோடர் காட்டும் இடத்துக்கும் வித்தியாசம் அனுமதித்த அளவைத் தாண்டியதும் அச்சு நிற்க வேண்டும். அந்த அளவை எத்தனை என்று வைத்தீர்கள்? பல மென்பொருள்களில் தானாக வரும் மதிப்பு நம் மேடைக்குப் பொருந்தாது. லிமிட் ஸ்விட்ச் தட்டியதாகப் பொய் சொல்லுங்கள், எதிர்த்திசையில் மட்டும் ஓட விடுகிறதா பாருங்கள். மென்பொருளுக்கும் டிரைவுக்கும் உள்ள நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியதாக வைத்துப் பாருங்கள். தொடர்பு போனால் ஹாய்ஸ்ட் நிற்க வேண்டும், கடைசியாகக் கேட்ட கட்டளையைத் தொடரக் கூடாது.

மலையில் கட்டாயம் செய்ய வேண்டியது கரண்ட் போகும் சோதனை. குழாய் 3.2 மீட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. பிரேக் இறுகுகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி மின்சாரம் திரும்பும்போது மென்பொருள் எந்த உயரத்தைக் காட்டுகிறது? பல சுற்றுகளையும் நினைவில் வைத்திருக்கும் அப்சல்யூட் என்கோடர் என்றால் 3.2-ஐச் சுற்றிச் சொல்லும். வெறும் துடிப்பு என்கோடர் என்றால் அதற்கு எதுவும் தெரியாது, மீண்டும் ஹோமிங் செய்ய, அதாவது ஹோம் ஸ்விட்ச் வரை ஓட்டி உயரத்தைப் புதிதாகப் பதிக்க வேண்டும். ஹோம் ஸ்விட்ச் உச்சியில் இருந்தால் பலகை பார்வையாளர் கண்முன் ஒருமுறை உச்சிக்கு ஊர்ந்து போய்த் திரும்பும். அந்த இடைவெளியில் மேடையில் யார் நிற்பது, கூத்தில் கட்டியங்காரன் வந்து பேசி ஒப்பேற்றுவானா என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவையுங்கள். மடிக்கணினிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்து யு.பி.எஸ். வைக்காதவர்கள் மலையேற வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. திரையில் சிவப்பாகத் தெரியும் 'நிறுத்து' பொத்தான் எமர்ஜென்சி ஸ்டாப் கிடையாது. அது மென்பொருளிடம் வைக்கும் வேண்டுகோள். எமர்ஜென்சி ஸ்டாப் என்பது தனிக் கம்பியில், மென்பொருளின் தயவில்லாமல் மின்சாரத்தை வெட்டும் காளான் பொத்தான். மேடைப் பக்கமும் ஆபரேட்டர் கைக்கெட்டும் இடத்திலும் ஒவ்வொன்று. மாதிரியில் அதன் விளைவைக் காட்டலாம். அதன் வேலையை மாதிரிக்குக் கொடுக்கக் கூடாது.

மாதிரிக்குத் தெரியாத தரை

மென்பொருளுக்கு ஹாய்ஸ்டின் எண்கள் தெரியும். ஹாய்ஸ்ட் தொங்கும் ட்ரஸ்ஸும் அது நிற்கும் மண்ணும் தெரியாது. 2023 ஜனவரியில் ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்துத் திருவிழாவில் ஆட்களைத் தூக்கிய கிரேன் கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். வடதமிழ்நாட்டுத் திருவிழாக்களில் ஆளைத் தூக்கும் வழக்கம் பழையது. அதற்குக் கிரேன் பிடிப்பது புதியது. எந்தத் திரையிலும் 'இடது பின்கால் ஈரமண்ணில் புதைகிறது' என்று எழுதிவராது. கல்வராயன் மலையில் மேடை போடும்போது ஒவ்வொரு காலின் கீழும் அகலமான பலகையைப் போட்டு, ட்ரஸ்ஸின் தாங்குதிறனைப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

விதிகளில் ஐரோப்பாவின் இ.என். 17206 என்ற மேடை எந்திரத் தரம் 2020-ல் வந்தது. அமெரிக்காவில் மேடை ஹாய்ஸ்டுக்கு ஆன்சி இ1.6-1 இருக்கிறது. நம்மிடம் 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவில், தூக்கும் எந்திரத்தைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. அது தொழிற்சாலைக்கு எழுதியதுதான். வாடகைக்கு ஹாய்ஸ்ட் எடுக்கும்போது அந்தச் சோதனைச் சான்றிதழையும், ரோப்பின் முறிவு விசைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். முறிவு விசையைப் பத்தால் வகுத்து வரும் எடைக்கு மேல் அந்த ரோப்பில் தொங்கவிடாதீர்கள்.

நிஜ ஹாய்ஸ்ட் வந்து இறங்கும் நாளில் அச்சைச் சிமுலேஷனிலிருந்து நிஜ டிரைவுக்கு மாற்றுவது ஒரே சொடுக்கு. அதற்கு முன், இந்த இயலில் நீங்கள் எழுதிய எண்களை ஒரு தாளில் அச்சிட்டு, ஹாய்ஸ்டின் பெயர்ப்பலகையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: கியர் விகிதம், டிரம் விட்டம், என்கோடர் துடிப்பு, தூக்குதிறன். முதல் ஓட்டம் வெறும் குழாயோடு, பத்தில் ஒரு பங்கு வேகத்தில். அடுத்து லிமிட் ஸ்விட்சுகளைக் கையால் தட்டி. அதற்குப் பிறகே பலகை.

இந்த மாதிரியைக் கொண்டு ஆளைத் தூக்கும் காட்சியை யாரும் முடிவு செய்ய வேண்டாம். அதற்கு இரட்டை பிரேக் உள்ள, ஆள் தூக்கவென்றே சான்று பெற்ற ஹாய்ஸ்டும், அந்த வேலையில் பழகிய ரிக்கரும், மீட்டு இறக்கும் திட்டமும் வேண்டும். அவை கைக்கு வரும்வரை நம் அர்ச்சுனன் தன் காலாலேயே ஏறட்டும்.